வுல்ஸ்டன்கிராஃப்டைப் பாதியில் மூடிவைக்காமல் படித்து முடிப்பது எப்படி?

பெண்ணியம் பற்றிய எந்தப் பேச்சிலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஆங்கில எழுத்தாளர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் பெயரை எடுத்துவிடுவார்கள். ஆனால் 1792இல் அவர் எழுதிய 'எ விண்டிகேஷன் ஆஃப் தி ரைட்ஸ் ஆஃப் வுமன்' (பெண்ணின் உரிமைகளுக்கான வாதம்) புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தவர் யார் என்று கேட்டால் சபையில் பாதிப் பேர் காபி எடுக்கப் போய்விடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் அரைப் பக்கம் ஓடும், நடுவில் கடவுள் வருவார், ஆன்மா வரும், யாரோ ஒரு பாதிரியார் பெண்களுக்குச் செய்த உபதேசத்துக்கு மறுப்பு வரும். முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகப் போனால் மூச்சு முட்டத்தான் செய்யும், அதனால் வரிசையை மாற்றிப் படியுங்கள்.

புத்தகம் புராஜெக்ட் குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கிறது. போனில் மட்டும் படிக்காதீர்கள், அந்த நீள வாக்கியங்களை விரலால் தள்ளித் தள்ளிப் படித்தால் எழுவாய் எங்கே போனது என்றே தெரியாது. 9, 12 இரண்டு அத்தியாயங்களை மட்டும் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, ஓரத்தில் நிறைய இடம் விடச் சொல்லி, ஸ்பைரல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையில் ஒரு பென்சில் கட்டாயம்.

பென்சில் எதற்கென்றால், ஒவ்வொரு பகுதியின் தலையிலும் 'இங்கே யாரோடு சண்டை?' என்று எழுதி, பதிலைக் கண்டுபிடித்துக் குறிப்பதற்கு. இந்தப் புத்தகம் ஒரு நீண்ட வாக்குவாதம், எதிராளி யார் என்று தெரியாமல் கேட்டால் எந்த வாக்குவாதமும் சலிக்கும். முக்கிய எதிராளிகள் இரண்டு பேர். ஒருவர் பிரெஞ்சு அரசியல்வாதி டலேரான். பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த 1791இல் பொதுக்கல்வித் திட்டம் போட்டவர். அதில் பெண்பிள்ளைகளுக்குப் பொதுப்பள்ளி எட்டு வயது வரைதான், அப்புறம் வீடுதான். இன்னொருவர் தத்துவவாதி ரூசோ. 'எமீல்' என்ற நூலில் (1762) ஆண்பிள்ளையைச் சுதந்திரமாகச் சிந்திக்க வளர்த்துவிட்டு, அவனுக்கு வரப்போகும் சோஃபியை அவன் மனம் கோணாமல் நடக்க மட்டும் பழக்கியவர். கவனியுங்கள், இருவருமே பழமைவாதிகள் இல்லை. சுதந்திரம், சமத்துவம் என்று மேடையில் முழங்கிய தரப்புக்காரர்கள். அந்தத் தரப்புக்காகவே 1790இல், பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து எழுதிய பர்க்கை எதிர்த்து எழுதியவர் வுல்ஸ்டன்கிராஃப்ட். அவருடைய கோபமே இதுதான்: உங்கள் நியாயத்தை உங்கள் வீட்டு வாசலோடு ஏன் நிறுத்துகிறீர்கள்? முற்போக்கு பேசிவிட்டு வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுத்துவைக்காத ஆசாமியைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த இடம் தானாகவே புரியும்.

சரி, வரிசை. முதலில் டலேரானுக்கு எழுதிய சமர்ப்பணக் கடிதம், சில பக்கங்கள்தான், உரிமைக் கேள்வி மொத்தமும் அதிலேயே இருக்கிறது. அடுத்து நேராக 9ஆம் அத்தியாயத்துக்குத் தாவுங்கள். பெண்கள் செவிலியராக மட்டும் இல்லாமல் மருத்துவராகவும் ஆகலாம், வியாபாரம் செய்யலாம், அரசியல் படிக்கலாம் என்கிறார். கூடவே, நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் சிரிப்பீர்கள் என்ற முன்னுரையோடு, பெண்களுக்கும் சட்டமன்றத்தில் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்று மெதுவாக ஒரு கல்லை எறிகிறார்.

சென்னையில் இருந்துகொண்டு இந்த அத்தியாயத்தை வீட்டுக்குள் மட்டும் படிப்பது வீண். 1875இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த மேரி ஷார்லீப் தொடங்கக் காரணமாக இருந்த கோஷா (பர்தா முறைப் பெண்களுக்கான) ஆஸ்பத்திரி (1885) இன்றும் திருவல்லிக்கேணியில் நடக்கிறது, கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மெட்ராஸ் மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு 1921இல் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி 1912இல் மருத்துவப் பட்டம் வாங்கி, 1927இல் மெட்ராஸ் சட்டசபைக்குள் போனார். மருத்துவம், பிரதிநிதித்துவம் என்று அந்த அத்தியாயம் கேட்ட இரண்டும் ஒரே ஆளிடம்! ஒரு ஞாயிறு மாலை ஆஸ்பத்திரி வாசல் வழியாக நடந்து, மெரினாவில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள், பதினெட்டாம் நூற்றாண்டு அவ்வளவு தூரத்தில் இல்லை.

மூன்றாவதாக 12. பள்ளிக்கூடம் எப்படி இருக்க வேண்டும் என்று நுணுக்கமாகச் சொல்கிறார். ஐந்து முதல் ஒன்பது வயது வரை ஆண், பெண், ஏழை, பணக்காரர் எல்லாரும் ஒரே பள்ளி, கட்டணம் கிடையாது, எல்லாருக்கும் ஒரே மாதிரி உடுப்பு, சுற்றிலும் விளையாடப் பெரிய நிலம், ஒரு மணி நேரத்துக்கு மேல் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. இலவசச் சீருடை போட்டுப் படித்த நம் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று நெருக்கமாகிவிடும். ஆனால் அடுத்த பத்தியையும் விடாமல் படியுங்கள். ஒன்பது வயதுக்குப் பிறகு கைத்தொழிலுக்குப் போகும் பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்குப் பிரித்து, மதியத்தில் அந்தப் பெண்பிள்ளைகளைத் தையலுக்கு அனுப்பிவிடுகிறார். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். இன்னொன்று, இஸ்லாம் பற்றி அவர் போகிற போக்கில் சொல்வதெல்லாம் அன்றைய ஐரோப்பாவின் அறியாமை, அங்கெல்லாம் இரண்டு கேள்விக்குறி.

இதற்கு அப்புறம் 4, 2, 3. நாலாவதில் ஓர் இடத்தில் நின்று நிதானமாகப் படியுங்கள். பெண்ணை ஆணைப் போலப் படிக்கவைத்தால் ஆண்கள்மேல் அவளுக்கு இருக்கும் பிடி போய்விடும் என்கிறார் ரூசோ. அதைத்தானே நானும் கேட்கிறேன், பெண்களுக்கு ஆண்கள்மேல் அதிகாரம் வேண்டாம், தங்கள்மேல் இருந்தால் போதும் என்கிறார் இவர். இரண்டாவதில் பட்டாள அதிகாரிகளைப் பெண்களோடு ஒப்பிடும் இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மேலோட்டப் படிப்பு, உடுப்பில் மோகம், நடனம், உத்தரவுக்குக் கீழ்ப்படிவது என எல்லாமே இரு தரப்புக்கும் பொது, ஆக இது பிறவிக் குணமில்லை, வளர்ப்பின் விளைவு என்று முடிச்சுப் போடுகிறார். பெண்களையும் அவர் திட்டுவார், கடுமையாகவே. அதைக் கண்டு புத்தகத்தை மூடவேண்டாம், திட்டு முடியும் இடத்தில் யார் அவர்களை அப்படி ஆக்கினார்கள் என்ற கேள்வி வந்துவிடும். ஐந்தாவது நீளமானது, ரூசோவை வரிவரியாகப் பிரித்து மேய்வது. பொறுமை இருந்தால் படியுங்கள், இல்லாவிட்டால் பாதகமில்லை.

தனியாகப் படிப்பதைவிட நாலைந்து பேர் சேர்ந்தால் நல்லது. ஒருவர் ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்க, பக்கத்தில் இருப்பவர் அதைத் தமிழில் தன் பாட்டிக்குச் சொல்வதுபோல் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். பாட்டிக்குப் புரியாத மாதிரி சொன்னால் அவருக்கே புரியவில்லை என்று அர்த்தம்.

வுல்ஸ்டன்கிராஃப்டின் வாழ்க்கைக் கதையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். 1797இல், மகளைப் பெற்ற சில நாட்களிலேயே, 38 வயதில் இறந்துபோனார். அந்த மகள்தான் பின்னாளில் 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதிய மேரி ஷெல்லி. அடுத்த வருடமே கணவர் காட்வின் ஒளிவுமறைவில்லாமல் ஒரு வாழ்க்கை வரலாறு வெளியிட்டார். திருமணத்துக்கு முன் பிறந்த குழந்தை, தற்கொலை முயற்சி எல்லாம் வெளியே வந்தன. அவர் என்ன எழுதினார் என்று கேட்பதை ஊர் விட்டுவிட்டு, எப்படி வாழ்ந்தார் என்று பேச ஆரம்பித்தது. உங்கள் குழுவிலும் முதல் நாளே அந்தக் காதல் கதையை எடுக்க ஒருவர் இருப்பார், அவர் கையில் 9ஆம் அத்தியாயத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிடுங்கள்.