ஷெல்லில் குறுக்குவிசை வேலை செய்யாதபோது

மண்டபத்து நண்டுக் கூடத்தின் எடைக் கணக்கைப் பாஷ் ஷெல்லில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் நிரல்) கையாள்பவர், தாம் அமைத்த குறுக்குவிசை வேலை செய்யாதபோது, முதலில் கன்ட்ரோல்-வி அழுத்திவிட்டு அந்த விசையை அழுத்த வேண்டும். டெர்மினல் (ஷெல் இயங்கும் சாளரம்) உண்மையில் அனுப்பும் குறியீடு திரையில் தோன்றும். எதுவும் தோன்றாவிட்டால், டெர்மினலோ இயங்குதளமோ விசையை இடையிலேயே பறித்துக்கொள்கிறது என்று பொருள். அமைப்புக் கோப்பைக் குடைந்து பயனில்லை.

தோன்றினால், தொடக்கத்திலுள்ள எஸ்கேப் குறியை (^[) மட்டும் பின்சாய்கோடும் ஆங்கிலச் சிறிய ஈ எழுத்துமாக (\e) மாற்றி, மீதியை அப்படியே பாஷின் விசை அமைப்புக் கோப்பான இன்புட்ஆர்சியில் (.inputrc) எழுத வேண்டும். கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-ஆர் அழுத்தினால் கோப்பு மீண்டும் வாசிக்கப்படும். இன்னொரு ஷெல்லான இசட்-ஷெல் (zsh) அக்கோப்பைப் பார்ப்பதே இல்லை; அதில் விசைகளை அமைக்கப் பைண்ட்கீ (bindkey) கட்டளைதான்.

கன்ட்ரோல்-எஸ் அழுத்தித் திரை உறைந்தால் (பலர் கணினியையே அணைத்துவிடுகிறார்கள், தேவையே இல்லை) கன்ட்ரோல்-க்யூ அதை விடுவிக்கும்.