சிவப்பணுவோட தோலை உரிச்சு கேன்சர் மருந்துக்கு போர்த்துறது எப்படி

தர்மபுரில பயோடெக் படிக்கிற தங்கச்சி ஒண்ணு செமினாருக்கு கேட்டுச்சு, அதான் எழுதறேன். ஒகேனக்கல் பரிசல் பாத்திருப்பீங்கல்ல, மூங்கில் கூடு மேல அந்தக் காலத்துல மாட்டுத்தோல் போர்த்துவாங்க, அதே கதைதான். மருந்து அடைச்ச பிஎல்ஜிஏ (உடம்புல தானா கரையற ஒரு பாலிமர்) நானோ துகள் கூடு, சிவப்பணு சவ்வு தோல்.

மொதல்ல ரத்தத்த (எத்திக்ஸ் பர்மிஷன் வாங்கிட்டு) சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி பிளாஸ்மாவ எடுத்துடுங்க, அப்புறம் உப்பு கம்மியான கரைசல்ல போட்டா செல்லு தண்ணி குடிச்சு ஊதி வெடிச்சு ஹீமோகுளோபின் வெளிய வந்துரும், திரும்ப திரும்ப கழுவுங்க, செவப்பு போய் வெளுத்த வண்டல் நிக்கணும், இங்க அவசரப்பட்டா மொத்தமும் வேஸ்ட், எல்லாம் ஐஸ்லயே இருக்கட்டும். அடுத்து சவ்வ சோனிகேட் பண்ணி (ஒலி அலையால சின்னச் சின்னதா ஒடைச்சு) 400, அப்புறம் 100 நானோமீட்டர் ஓட்டை ஃபில்டர்ல தள்ளணும். கடைசியா துகளையும் சவ்வையும் சேத்து இடியாப்பம் பிழியற மாதிரி மறுபடி தள்ளுங்க, போர்த்திக்கும். சவ்வு 7-8 நானோமீட்டர்தான், ரெண்டு பக்கமும் சேத்து துகளோட சைஸ் ஒரு 15 நானோமீட்டர் கூடியிருந்தா சரி.

ஏன் இவ்ளோ பாடு? சவ்வுல இருக்கிற சிடி47 புரதம் மேக்ரோபேஜ்கிட்ட (அந்நியப் பொருள விழுங்கற நோய் எதிர்ப்பு செல்) "என்னத் தின்னாத"ன்னு சொல்லும். இப்படிப் போர்த்துன துகள் ரத்தத்துல ரொம்ப நேரம் சுத்துதுன்னு 2011ல அமெரிக்கால சான் டியாகோ யுனிவர்சிட்டில லியாங்ஃபாங் சாங் டீம் எலில காமிச்சாங்க. ஆனா இது ஒளிஞ்சு திரியத்தான், கட்டியத் தேடிப் போகணும்னா கேன்சர் செல்லோட சவ்வையே போர்த்துங்க, தன் இனத்தப் பாத்தா ஒட்டிக்கும்.