ஒருவழி டிக்கெட் எடுப்பதற்கு முன்னால்

வீடின்றித் தெருவில் இருப்பவர்களை உறவினர் இருக்கும் ஊருக்கு அனுப்ப ஒருவழி டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் திட்டங்கள் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ 2005 முதலும் நியூயார்க் 2007 முதலும் இதைச் செய்துவருகின்றன. இந்தக் குறிப்பு, தங்குமிடங்களிலும் தெருப் பணியிலும் இருக்கும் ஊழியர்களுக்கும் தன்னார்வலர்களுக்குமானது. டிக்கெட் எடுக்கப் பத்து நிமிடம் போதும். அதற்கு முன்னால் ஒரு வார வேலையும் பின்னால் ஆறு மாத வேலையும் இருக்கின்றன. அந்த இரண்டுக்கும் ஆள் இல்லையென்றால் டிக்கெட்டை எடுக்காதீர்கள்.

போக விரும்புவது யார்?

கூடாரங்களைக் காவல்துறை அகற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் பயணப் பேச்சை எடுக்கக் கூடாது. அப்போது கிடைக்கும் சம்மதம் பயத்தில் வருவது. தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். ஒரு நாள் விட்டு மறுபடி கேளுங்கள். இரண்டு முறையும் அதே ஊரையும் அதே ஆளையும் சொன்னால் மேலே போகலாம். போகவில்லை என்றால் இன்றிரவு படுக்கை கிடைக்காது என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். திரும்பி வந்தால் உதவி கிடையாது என்று கையெழுத்து வாங்கவும் கூடாது. ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் ஊரில் அப்படி ஒரு தாளில் கையெழுத்து வாங்கப்பட்டதை கார்டியன் நாளிதழ் 2017-ல் வெளிக்கொண்டுவந்தது. போன இடம் சரிப்படாதபோது அந்தக் கையெழுத்து ஒருவரை இரண்டு ஊரிலும் ஆதரவில்லாமல் நிறுத்திவிடும்.

அவர் எதை விட்டுப் போகிறார் என்பதையும் அவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பல பணியாளர்கள் தவறவிடும் இடம் இதுதான். மத்திய அரசின் வீட்டுவசதித் துறை விதிப்படி, உடல் அல்லது மனக் குறைபாடு உள்ள ஒருவர் 12 மாதம் தொடர்ந்து வீடின்றி இருந்தாலோ, மூன்று ஆண்டுக்குள் குறைந்தது நான்கு தடவையாக மொத்தம் 12 மாதம் அப்படி இருந்தாலோ நிரந்தர ஆதரவு வீட்டுக்கு முன்னுரிமை பெறலாம். தொடர்ந்து ஏழு இரவு உறவினர் வீட்டில் தங்கினால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். பதினோரு மாதக் கணக்கு உள்ளவரை அக்கா வீட்டு சோபாவுக்கு அனுப்பி, மூன்று வாரத்தில் அது முறிந்தால் அவர் மறுபடி முதலிலிருந்து கணக்கைத் தொடங்க நேரலாம். காத்திருப்புப் பட்டியலில் அவர் எங்கே நிற்கிறார் என்று முதலில் பாருங்கள். வீடு கிடைக்கும் முறை நெருங்கியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்வதே நல்லது.

மறுமுனைக்குப் போடும் தொலைபேசி

இந்த வேலை முழுவதும் இந்த அழைப்பில்தான் இருக்கிறது. போகிறவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, அவர் பக்கத்தில் இல்லாதபோது, அவரைத் தங்கவைக்கப்போகும் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். வீட்டுக்காரர் சொன்னதை அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். இருவரையும் ஒரே அழைப்பில் வைத்துக் கேட்டால், பெற்ற பிள்ளையை முகத்துக்கு நேரே யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

“வந்து தங்கலாமா?” என்று கேட்டால் “வரட்டும்” என்ற பதில்தான் வரும். அது எதற்கும் உதவாது. முதல் இரவு எந்த அறையில், எதன் மேல் படுப்பார்? எத்தனை வாரம் வரை? வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது தெரியுமா? பகலில் அவர் வீட்டில் தனியாக இருக்கலாமா, சாவி கொடுப்பீர்களா? கடைசியாக எப்போது பேசினீர்கள், எதனால் பிரிந்தீர்கள்? பேருந்து நிலையத்துக்கு யார் வருவார்கள்? இப்படிக் கேளுங்கள். ஒவ்வொரு பதிலையும் கோப்பில் எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி அழைத்து முக்கியமானதை மட்டும் சரிபாருங்கள். முதல் நாள் பாசத்தில் ‘சரி’ என்றவர்கள் மூன்றாம் நாள் தயங்குவது சாதாரணம். அந்தத் தயக்கம் பேருந்து கிளம்புவதற்கு முன்னால் வெளியே வந்தால் எல்லோருக்கும் நல்லது.

வீட்டுக்காரர் அரசு வாடகை உதவியில் இருக்கிறாரா என்று கட்டாயம் கேளுங்கள். அரசு வீடானாலும், தனியார் வீட்டு வாடகைக்கு அரசு தரும் ‘செக்ஷன் 8’ உதவியானாலும் வீட்டில் வசிப்பவர் பட்டியலில் புதிய ஆளைச் சேர்க்க அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் தங்கவைத்தால் வாடகை உதவி பறிபோகலாம். ஒருவருக்கு வீடு தேடப் போய் ஒரு குடும்பத்தையே தெருவுக்குக் கொண்டுவந்த கதை ஆகிவிடும். தனியார் வாடகை ஒப்பந்தத்திலும் விருந்தினர் எத்தனை நாள் தங்கலாம் என்று வரம்பு இருக்கும்.

தங்கப்போகும் இடத்தை வீடியோ அழைப்பில் பாருங்கள். நியூயார்க் 2017-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில் ஓராண்டு வாடகையை முன்பணமாகக் கட்டிக் குடும்பங்களை வெளியூர்களுக்கு அனுப்பியது. வசிக்கத் தகாத வீடுகளில் ஆட்கள் கொண்டுவிடப்படுவதாகச் சொல்லி பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியின் நியூவார்க் நகரம் 2019 டிசம்பரில் வழக்குப் போட்டது.

அடித்தவரிடமே திருப்பி அனுப்பிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. வன்முறை, நீதிமன்றத் தடையாணை, இணையத்தில் பழகிய ‘நண்பர்’ ஆகிய மூன்றையும் நேரடியாகக் கேளுங்கள். தடையாணை உங்கள் முன் உட்கார்ந்திருப்பவர் மேலேயே இருக்கலாம். 12 முதல் 21 வயதுக்குள் வீட்டைவிட்டு ஓடிவந்தவர் என்றால் அப்படிப்பட்ட இளையோருக்கான உதவி அமைப்பான நேஷனல் ரனவே சேஃப்லைனுக்கு அனுப்புங்கள். கிரேஹவுண்ட் பேருந்து நிறுவனத்தோடு சேர்ந்து இலவச டிக்கெட்டோடு வீடு திரும்ப உதவும் திட்டம் அவர்களிடம் உண்டு. வீடு பாதுகாப்பானதா என்று விசாரிக்கும் பழக்கமும் உண்டு.

சட்டச் சிக்கல்

பரோல் அல்லது நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவர், மாநில எல்லை தாண்டிக் குடியேற முன்கூட்டியே மாற்று அனுமதி பெற வேண்டும். அது இல்லாமல் போனால் தலைமறைவு என்று பிடியாணை வரும். பாலியல் குற்றப் பதிவேட்டில் உள்ளவர் புதிய இடத்தில் மூன்று வேலை நாளுக்குள் பதிய வேண்டும். மேலும் பள்ளிக்கு அருகே உள்ள வீடு அவருக்குச் சட்டப்படி ஆகாததாக இருக்கலாம்.

உடல்நிலையும் மருந்தும்

நெவாடா மாநிலத்தின் லாஸ் வேகஸில் உள்ள அரசு மனநல மருத்துவமனை 2013 பிப்ரவரியில் ஒரு நோயாளியை, அவருக்கு ஒருவரையும் தெரியாத கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவுக்குப் பேருந்தில் ஏற்றியது. பதினைந்து மணி நேரப் பயணம், கையில் மூன்று நாள் மருந்து. அந்த மருத்துவமனை ஐந்தாண்டில் சுமார் 1,500 பேரை இப்படிப் பேருந்தில் அனுப்பியதை சாக்ரமென்டோ பீ நாளிதழ் தோண்டி எடுத்தது. அவர்களில் சிலர் வந்திறங்கிய சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் வழக்குப் போட, 2015-ல் நெவாடா மாநிலம் 4,00,000 டாலர் தர ஒப்புக்கொண்டது.

மூன்று நாள் மருந்து எதற்கும் காணாது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட் மாநிலம் விட்டு மாநிலம் கூட வராது. புதிய இடத்தில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு வாரங்கள் ஆகலாம். அதனால் குறைந்தது 30 நாள் மருந்து, மருந்துச் சீட்டின் நகல், போகும் ஊரில் தேதி குறித்த மருத்துவர் சந்திப்பு மூன்றும் கையில் இருக்க வேண்டும். மருந்து கைப்பையில் போகட்டும். சரக்குப் பெட்டியில் போட்ட பை தொலைவதுண்டு. தீவிர மனநோய்க்கான குளோசபின் மருந்து எடுப்பவர் 48 மணி நேரத்துக்கு மேல் தவறவிட்டால் மறுபடி குறைந்த அளவிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும். ஹெராயின் போன்ற போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையாக மெதடோன் எடுப்பவருக்குப் போகும் ஊர் மையத்தில் மறுநாள் மருந்துக்கு இங்கிருந்தே ஏற்பாடு செய்யாமல் கிளப்பக் கூடாது.

தினமும் நிறையக் குடிப்பவரை நீண்ட பேருந்துப் பயணத்தில் ஏற்றுவது உயிருக்கே ஆபத்து. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் குழப்பமும் மாயத்தோற்றமும் வரலாம். பேருந்தில் குடிக்க அனுமதி கிடையாது. ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்குப் போக இரண்டரை நாள் பிடிக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால், மோசமான மணி நேரங்கள் எல்லாம் யாருமற்ற நெடுஞ்சாலையில்தான் வந்து விழும். மருத்துவக் கண்காணிப்பில் குடியை நிறுத்தி முடித்த பிறகே தேதி குறியுங்கள்.

டிக்கெட்டும் வழியும்

இப்போது டிக்கெட்டுக்கு வரலாம். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் இருக்கட்டும். அட்டை இல்லையென்றால் அதை வாங்கித்தருவதே முதல் வேலை. போன ஊரில் எல்லா விண்ணப்பத்துக்கும் அது வேண்டும். போய்ச் சேரும் நேரம் திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு பகல் பொழுதாக இருக்கட்டும். வெள்ளி மாலை போய் இறங்குபவருக்கு ஏதாவது பிசகினால் திங்கள்வரை எந்த அலுவலகமும் திறந்திருக்காது. வழியில் பேருந்து மாறுவது குறைவாக இருக்கும் தடமாகப் பாருங்கள், கட்டணம் கூடினாலும் பரவாயில்லை. நள்ளிரவு மாறுதலே வேண்டாம். இரவில் பூட்டிவிடும் நிலையங்கள் பல.

நாய் வளர்ப்பவரா என்று கேளுங்கள். கிரேஹவுண்டில் ஊனமுற்றோருக்கான சேவை நாயைத் தவிர வேறு பிராணிக்கு இடமில்லை. அவர் வளர்க்கும் நாயை விட்டுப் போகச் சொன்னால் கடைசி நிமிடத்தில் பயணமே நின்றுபோகும். தப்பென்று சொல்ல முடியாது, அந்த நாய்தான் அவருடைய குடும்பம்.

உணவு உதவி பெறுபவர் என்றால் கிளம்புமுன் இந்த மாநிலக் கணக்கை மூடச் சொல்லுங்கள். இங்கே திறந்திருந்தால் அங்கே விண்ணப்பம் நிற்கும். ஏழை முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் மத்திய அரசு மாதம் 1-ஆம் தேதி தரும் எஸ்எஸ்ஐ தொகைக்கு முகவரி மாற்றமும் தேவை. பிறர் வீட்டில் இலவசமாகத் தங்கினால் அந்தத் தொகை குறையக்கூடும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

கையில் கொடுக்க வேண்டியவை: மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பணம், ஒரு நாளைக்கு 25 டாலருக்குக் குறையாமல், ஒரு மாதம் பேசக்கூடிய கைபேசியும் சார்ஜரும், தண்ணீர், போர்வை, வீட்டுக்காரர் எண், உங்கள் எண், 988 மனநல நெருக்கடி எண், 211 உள்ளூர் உதவி எண் எழுதிய காகிதம். கைபேசி திருட்டுப் போகும் என்று நினைத்தே அந்தக் காகிதத்தைச் சட்டையின் உள்பையில் வைக்கச் சொல்லுங்கள்.

இறங்கிய பிறகு

இறங்கவேண்டிய நேரம் தாண்டி ஒரு மணி நேரத்தில் இரு பக்கமும் அழையுங்கள். பிறகு மூன்றாம் நாள், இரண்டாம் வாரம், ஒன்று, மூன்று, ஆறு மாதம். கார்டியன் 16 நகரங்கள், கவுன்டிகளிலிருந்து 34,240 பயணங்களின் பதிவைத் திரட்டியபோது, போனவர்கள் என்ன ஆனார்கள் என்பதைப் பல இடங்களில் யாரும் தொடர்ந்து கேட்டிருக்கவில்லை. ஊரைவிட்டுப் போனவரையெல்லாம் வீடு கிடைத்தவராகக் கணக்கில் எழுதினால் அது பொய்க் கணக்கு. “படுக்கை இருக்கிறது”, “வேறு உறவினரிடம் போய்விட்டார்”, “தெருவில்”, “தெரியவில்லை” என்று தனித்தனியாகக் குறியுங்கள்.

இரண்டாம் வாரத்தில்தான் பெரும்பாலும் உரசல் தொடங்கும். சாப்பாட்டுச் செலவும் குளியலறை நேரமும் குடியும் காரணமாகும். அப்போது வீட்டுக்காரருக்கு மளிகைக்காகவும் மின்கட்டணத்துக்காகவும் சிறு தொகை அனுப்பினால் பல இடங்களில் சண்டை அடங்குகிறது. நிதி கேட்கும்போதே இந்தத் தொகையையும் திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணத்தையும் சேர்த்துக் கேளுங்கள். திரும்பி வந்தவருக்குப் பழைய கோப்பையே திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.