இறுதியாட்டத்தைப் பிரிச்சுப் பார்க்க ஒரு சுலப வழி

பாம்பன், மண்டபம் பக்கம் சாயங்காலம் செஸ் பலகை விரிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. கிராண்ட்மாஸ்டர் ஆட்டத்தைப் படிக்கும்போது செஸ் எஞ்சினை (நகர்வுகளைக் கணக்கிட்டு, யார் கை ஓங்கியிருக்கிறது என்று எண்ணால் காட்டும் கணினி நிரலை) முதலில் திறக்காதீர்கள். அது காட்டும் எண்ணைப் பார்த்தவுடன் மூளை ஓய்வெடுத்துக்கொள்ளும்.

1924 நியூயார்க் போட்டியில் அப்போதைய உலகச் சாம்பியன் கபாபிளாங்கா வெள்ளைக் காய்களோடு ஆடி டார்டகோவரை வென்ற ஆட்டத்தை எடுங்கள். இறுதிக்கட்டத்தில் இருவருக்கும் ஆளுக்கொரு யானை. வெள்ளை யானை எச்7 கட்டத்தில் (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை), கறுப்பு ராஜா எஃப்8-இல். அங்கிருந்து அடுத்த நகர்வுகளைத் தாளால் மறைத்துவிட்டு, வெள்ளைக்கு நீங்களே ஒவ்வொன்றாக ஊகித்து, காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள்.

நம்மில் பலரும் சி3 சிப்பாயைக் காப்பாற்றத்தான் பார்ப்போம். கபாபிளாங்கா ராஜாவை ஜி3-க்கு வைத்து அந்தச் சிப்பாயைச் செக்கோடு வெட்டக் கொடுத்தார். அப்புறம் எஃப்4 சிப்பாயும் போனது. ராஜாவோ எச்4, ஜி5, எஃப்6 என்று முன்னேறிக்கொண்டே இருந்தார். இங்கேதான் ருசி: எஃப்5-இல் இருந்த கறுப்புச் சிப்பாயை அவர் உடனே வெட்டவில்லை. அது நின்றால்தான் எஃப் வரிசையில் கறுப்பு யானை செக் வைக்க முடியாது. எதிரி சிப்பாயே குடை! எச்8-இல் யானை வந்தால் மேட் என்ற மிரட்டல் வேறு. கறுப்பு ராஜா ஜி8-க்கு ஓடியதும், ஜி7-இல் வெள்ளை யானை செக் வைத்து சி7 சிப்பாயைப் பிடுங்கிக்கொண்டது.

சரி, எஞ்சின்? எழுதி முடித்த பிறகு, உங்கள் ஊகம் தவறிய இடங்களுக்கு மட்டும்.