மினி எக்ஸ்கவேட்டருக்கு ஹைட்ராலிக் தம்ப் பொருத்துவது எப்படி?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் நடக்க வழியில்லை. மரத்தின் மேல் மரம் கிடந்தது. என்னிடம் இருந்த 3.5 டன் மினி எக்ஸ்கவேட்டரின் பக்கெட்டால் ஒரு தென்னந்துண்டை உருட்டலாம், தள்ளலாம், தூக்க முடியாது. தூக்கினால் பாதி வழியில் நழுவி விழும். பக்கெட்டுக்கு எதிரே கட்டைவிரல் போல ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அன்றுதான் ஏங்கினேன். அந்தக் கட்டைவிரலைத்தான் தம்ப் என்கிறோம். மரத்துண்டு, கருவேல வேர்க்கட்டை, பாறாங்கல், இடிபாடு என எதையும் பக்கெட்டோடு சேர்த்துக் கவ்விப் பிடிக்கும்.

இதுவரை மூன்று இயந்திரங்களுக்குப் பொருத்தியிருக்கிறேன். புதிதாகச் செய்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வெல்டிங் ராடைக் கையில் எடுக்கும் முன்பே இந்த வேலையின் முக்கால் பங்கு முடிந்திருக்க வேண்டும். அளவு சரியாக இருந்தால் மீதி தானாக வரும். அளவு தவறினால், எவ்வளவு அழகாக வெல்டிங் செய்தாலும் வெட்டி எடுக்கத்தான் வேண்டும்.

எந்த வகையை வாங்குவது?

இரண்டு வகை உண்டு. ஒன்றில் தம்ப், பக்கெட்டை ஆர்மோடு (பக்கெட்டைத் தாங்கும் கை) இணைக்கும் ‘பின்’ என்ற உருளைத் தண்டிலேயே மாட்டிக்கொள்ளும். பக்கெட்டும் தம்பும் ஒரே அச்சில் சுழல்வதால் இரண்டின் நுனிகளும் எந்த நிலையிலும் விலகாமல் நேருக்கு நேர் வரும். ஆனால் நீளமான புதிய பின் வேண்டும், விலையும் கூடுதல். இன்னொன்றில், ஆர்மின் அடிப்பக்கம் ஒரு தகட்டை வெல்டிங் செய்து அதில் தம்பை மாட்ட வேண்டும். இதன் அச்சு பக்கெட் பின்னிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால், பக்கெட்டைச் சுருட்டச் சுருட்ட நுனிகள் ஒன்றையொன்று உரசிக் கடந்து போகும். பிடித்திருக்கும் கட்டை சிறிது உருளும். இருந்தாலும் தோட்ட வேலைக்கு இது தாராளமாகப் போதும். கீழே சொல்வது இந்த இரண்டாவது வகைக்கு.

வாங்கும் முன் பக்கெட் பின்னின் மையத்திலிருந்து பக்கெட் பல்லின் நுனி வரை அளந்துகொள்ளுங்கள். தம்பின் நீளம் இந்த அளவுக்கு ஒத்து வர வேண்டும். குயிக் ஹிட்ச் (பக்கெட்டைச் சட்டென மாற்ற உதவும் இணைப்பு) வைத்து ஓட்டுபவர்கள் அதை மாட்டிய நிலையில் அளக்க வேண்டும். ஹிட்சின் உயரம் அளவு பல் நுனி கீழே இறங்கிவிடும். இயந்திரம் புதிதாக, உத்தரவாதக் காலத்தில் இருந்தால், ஆர்மில் வெல்டிங் செய்யலாமா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

ஆயில் லைன் இரு வழியா, ஒரு வழியா?

பெரும்பாலான மினி எக்ஸ்கவேட்டர்களில் ஆர்மின் பக்கவாட்டில் கூடுதலாக இரண்டு ஆயில் லைன்கள் இருக்கும். நம் ஊர் ஆபரேட்டர்கள் இதை பிரேக்கர் லைன் என்பார்கள். பாறை உடைக்கும் பிரேக்கருக்கு ஆயில் ஒரு பக்கம் போய் மறுபக்கம் நேராக டேங்குக்குத் திரும்பினால் போதும். தம்பை அசைக்கும் சிலிண்டருக்கு அப்படி இல்லை. மூடும்போது ஒரு லைனிலும் திறக்கும்போது மற்றொரு லைனிலும் அழுத்தம் வர வேண்டும். பல இயந்திரங்களில் இதை மாற்ற ஒரு சிறிய வால்வு உண்டு. எங்கே இருக்கிறது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். அந்த லைனே இல்லாத பழைய இயந்திரமாக இருந்தால், பக்கெட் லைனிலிருந்து பிரித்துக் கொடுக்கும் டைவர்ட்டர் வால்வு தேவைப்படும். முதல் முறையாகச் செய்பவர்கள் அதை ஹைட்ராலிக் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

அட்டையில் ஒரு ஒத்திகை

நான் அதிக நேரம் செலவிடும் இடம் இதுதான். தம்பின் வடிவத்தைத் தடித்த அட்டையில் அப்படியே வரைந்து வெட்டிக்கொள்கிறேன். அச்சுத் துளையையும் சிலிண்டர் பின் துளையையும் அதில் குறிக்கிறேன். ஆர்மைத் தரைக்கு இணையாகக் கட்டைகளின் மேல் இறக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு, அட்டையை ஆர்மின் பக்கத்தில் வைத்து நகர்த்திப் பார்க்கிறேன். சிலிண்டருக்குப் பதிலாக ஒரு சணல் கயிறு. என் இயந்திரத்துக்கு வாங்கிய சிலிண்டர் சுருங்கிய நிலையில் ஒரு முனைப் பின் மையத்திலிருந்து மறுமுனைப் பின் மையம் வரை 520 மி.மீ., முழுதும் நீண்டால் 820 மி.மீ. கயிற்றில் இந்த இரண்டு இடங்களிலும் முடிச்சுப் போட்டுக்கொண்டால் தம்ப் எதுவரை மடங்கும், எதுவரை நீளும் என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும்.

இந்த ஒத்திகையில் மூன்றைப் பார்க்க வேண்டும். பக்கெட் பாதி சுருண்ட நிலையில் தம்பின் விரல்கள் பக்கெட் பற்களின் இடைவெளிக்குள் வந்து பொருந்துகின்றனவா? தம்பை முழுதும் மடக்கி, ஆர்மை உள்ளே இழுத்து, பக்கெட்டைச் சுருட்டினால் பூமிலோ (ஆர்மைத் தாங்கும் பெரிய கை) முன் பிளேடிலோ எதுவும் இடிக்கிறதா? பக்கெட்டை எந்தக் கோணத்துக்குக் கொண்டு போனாலும் அதன் இணைப்புக் கம்பிகளுக்குத் தம்ப் குறுக்கே வருகிறதா? என் முதல் வேலையில் இரண்டாவது கேள்வியைப் பார்க்காமல் விட்டேன். எல்லாம் முடிந்த பிறகு, குழி தோண்டும்போது பக்கெட் முழுதாகச் சுருளவில்லை. ஒரு நாள் முழுக்க கிரைண்டரோடு உட்கார்ந்து மொத்தத் தகட்டையும் எடுக்க வேண்டியதாயிற்று.

இடம் முடிவானதும் பக்கெட் பின்னின் இரு முனைகளிலிருந்தும் தம்பின் அச்சுத் துளைகளுக்கு அளந்து பாருங்கள். இடமும் வலமும் 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கோணலாக நின்றால் புஷ் (பின் சுழலும் உலோக வளையம்) ஒரு பக்கமாகத் தேய்ந்து, சில மாதங்களில் தம்ப் ஆட ஆரம்பிக்கும்.

வெல்டிங்

பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். கம்ப்யூட்டர் உள்ள இயந்திரத்தில் அதன் இணைப்பையும் கையேட்டில் சொன்னபடி கழற்ற வேண்டும். எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்கு அருகிலேயே ஆர்மில் மாட்டுங்கள். தூரத்தில் டிராக்கில் மாட்டினால் மின்சாரம் பின்கள், பேரிங்குகள் வழியாகப் பாய்ந்து அவற்றில் பொத்தல் விழும். சிலிண்டர் ராடுகளை (சிலிண்டருக்கு உள்ளும் வெளியும் போகும் பளபளப்பான கம்பிகள்) ஈரத் துணியால் மூடுங்கள். வெல்டிங் பொறி ஒன்று குரோம் பூச்சில் ஒட்டினாலும் அது ஆயில் கசியாமல் அடைக்கும் சீல் வளையத்தைக் கிழித்துவிடும்.

பெயின்டையும் துருவையும் வெள்ளை இரும்பு தெரியும் வரை கிரைண்டரால் எடுத்துவிட்டு, நான்கு மூலைகளிலும் சிறு புள்ளி வெல்டிங் மட்டும் வையுங்கள். தம்பையும் சிலிண்டரையும் மாட்டி, அட்டையில் பார்த்த மூன்றையும் இப்போது இரும்பில் மறுபடி பாருங்கள். ஏதாவது தவறென்றால் இந்தக் கட்டத்தில் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும்.

முழு வெல்டிங்குக்கு 7018 என்ற வகை வெல்டிங் ராட், அதுவும் பாக்கெட்டில் சொன்ன வெப்பத்தில் உலர்த்தியது. எங்கள் கடலோர ஈரக் காற்றில் திறந்து கிடந்த ராடை நான் தொடுவதே இல்லை. தகட்டின் நீளவாட்டில், ஆர்மின் பக்கச் சுவர்களை ஒட்டிய ஓரங்களில் மட்டும் வெல்டிங் போடுங்கள். தகட்டின் இரு முனைகளிலும் ஆர்முக்குக் குறுக்காகக் கோடு இழுக்கவே கூடாது. ஆர்ம் ஒவ்வொரு முறை வளையும்போதும் அந்தக் குறுக்குக் கோட்டில்தான் இழுவிசை குவியும். விரிசல் அங்கேதான் பிறக்கும். ஒரு பட்டறையில், உறுதியாக இருக்கட்டும் என்று சுற்றிலும் அடைத்து வெல்டிங் செய்து கொடுத்த ஆர்மைப் பார்த்திருக்கிறேன். குறுக்குக் கோட்டின் ஓரத்தில் தலைமுடி கனத்தில் துருக்கோடு ஒன்று. கத்தி நுனியால் சுரண்டினால் உள்ளே கறுப்பாக விரிசல். ஆர்மின் உரிமையாளர் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஒரே பக்கம் தொடர்ந்து போடாமல் இடமும் வலமுமாக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகப் போடுங்கள். தானாக ஆறட்டும், தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆர்மில் இதற்கு முன் வெல்டிங் செய்து பழகாதவர்கள் புள்ளி வெல்டிங் வரை தாங்களே செய்துவிட்டு, இந்த ஒரு வேலைக்கு மட்டும் அனுபவமுள்ள வெல்டரை வைத்துக்கொள்ளலாம்.

ஹோஸ் இணைப்பு

லைனைக் கழற்றும் முன் அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். பக்கெட்டைத் தரையில் பதித்து, இன்ஜினை அணைத்து, சாவியை ஆன் நிலையில் வைத்து, எல்லா லீவர்களையும் கூடுதல் லைன் பெடலையும் இரு பக்கமும் பலமுறை அசையுங்கள். பிறகு டேங்க் மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள்.

மினிக்கு 3 நூல் ஹோஸ், அதாவது 3/8 அங்குலம், இரண்டு கம்பி வலை கொண்டது சரியாக இருக்கும். அதன் வேலை அழுத்தம் சுமார் 330 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). தம்பை இரு எல்லைகளுக்கும் கொண்டுபோய் நீளம் அளந்து, கொஞ்சம் தளர்வு விட்டு வெட்டச் சொல்லுங்கள், ஏனென்றால் அழுத்தம் ஏறும்போது ஹோஸ் சற்றுச் சுருங்கும். ஃபிட்டிங்கை விட்டு வந்தவுடனேயே வளையாமல் கொஞ்ச தூரம் நேராகப் போக வேண்டும். வெட்டிய ஹோஸில் ரப்பர்த் தூள் இருக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்து, மாட்டும் வரை இரு முனைகளையும் மூடி வையுங்கள்.

அடுத்தது ரிலீஃப் வால்வு. பலர் விட்டுவிடும் இடம் இது. 50 மி.மீ. உள்விட்டமுள்ள தம்ப் சிலிண்டர் 200 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 4 டன் விசையோடு தள்ளும். பக்கெட் சிலிண்டர் அதைவிடப் பெரியது. கட்டையைக் கவ்வியபடி பக்கெட்டைச் சுருட்டினால் அது தம்பைப் பின்னுக்குத் தள்ளும். அப்போது தம்ப் சிலிண்டரில் அடைபட்ட ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் ஹோஸ் வெடிக்கும், அல்லது ராட் வளையும். அந்த ஆயிலை டேங்குக்கு விடும் ரிலீஃப் வால்வு கட்டாயம் வேண்டும். இரு லைன்களுக்கு இடையே மட்டும் திறக்கும் வால்வு போதாது. ராட் இல்லாத பக்கத்திலிருந்து வெளியேறும் ஆயில் முழுவதும் ராட் உள்ள பக்கத்தில் அடங்காது. சில இயந்திரங்களின் மெயின் வால்விலேயே இது இருக்கும். இருக்கிறதா, எத்தனை பாருக்கு வைத்திருக்கிறது என்பதை அழுத்தம் அளக்கும் கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்துச் சரிபார்த்து, சிலிண்டரின் வரம்புக்குக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

முதல் ஓட்டம்

யாரும் அருகில் நிற்க வேண்டாம். மெதுவான இன்ஜின் ஓட்டத்தில், எதையும் பிடிக்காமல், தம்பைப் பத்து முறை முழுதாக மடக்கி நீட்டுங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியேறும் வரை அது திக்கித் திக்கித்தான் போகும். பிறகு இன்ஜினை அணைத்து ஆயில் அளவைப் பாருங்கள். சிலிண்டரும் ஹோஸும் குடித்த அளவு குறைந்திருக்கும். டேங்கில் இருக்கும் அதே வகை ஆயிலை ஊற்றுங்கள்.

கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் கொசுக்கடி போலத்தான் தெரியும், ஆனால் சில மணி நேரத்தில் விரலையே இழக்க நேரிடலாம். ஒரு அட்டைத் துண்டை ஹோஸ் ஓரமாக நகர்த்திப் பாருங்கள். ஆயில் தோலுக்குள் போய்விட்டதாகச் சந்தேகம் வந்தால்கூட உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் பாய்ந்த ஹைட்ராலிக் ஆயில் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

கசிவு இல்லையென்றால் ஒரு சிறிய மரத்துண்டைக் கவ்வி, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். தம்ப் தானாக இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ ஆயிலை விடுகிறது. அசையாமல் நின்றால் வேலைக்குப் போகலாம். பக்கெட்டால் கவ்வுங்கள், தம்பால் தாங்குங்கள்; தம்பை மட்டும் வைத்து நெம்ப வேண்டாம். குழி தோண்டும்போது அது முழுதும் மடங்கியே இருக்கட்டும். தம்பின் எடையை உங்கள் இயந்திரத்தின் தூக்குதிறனிலிருந்து கழித்துக்கொள்ள மறக்காதீர்கள்.

பத்து மணி நேரம் ஓடிய பிறகு ஃபிட்டிங்குகளையும் பின்களின் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கி, பின்களுக்கு கிரீஸ் அடித்து, வெல்டிங் ஓரத்தைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பெயின்டில் கீறல் தெரிகிறதா என்று பாருங்கள்.