கீ காக்கரில் முதல் ஸ்நார்க்கலிங்: படகேறும் முன்பே தண்ணீரில் இறங்குங்கள்

ஸ்நார்க்கலிங் என்றால் முகத்தில் மாஸ்க், வாயில் மூச்சுக்குழாயோடு மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது. முதல் தடவை போனபோது, படகு நின்ற முக்கால் மணி நேரத்தில் அரை மணி நேரம் ஏணியைப் பிடித்தபடி இருமிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் ஏறி வந்து ஆமை பார்த்தோம், திருக்கை பார்த்தோம் என்கிறார்கள். நான் பார்த்தது ஏணியின் துருவை. மாஸ்க்கை எப்படிப் போடுவது என்றுகூடத் தெரியாமல் நேரே கடலில் குதித்தால் வேறென்ன ஆகும்? இந்தப் பதிவு அடுத்த ஏணிக்காரர்களுக்காக.

கரீபியனில் ஆரம்பக்காரர்களுக்கு நான் சொல்லும் இடம் பெலீஸ் நாட்டின் கீ காக்கர் தீவு. (ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘கேய்’ என்று வாசிக்காதீர்கள், ‘கீ’தான்.) பெலீஸ் சிட்டியிலிருந்து வாட்டர் டாக்ஸியில் சுமார் முக்கால் மணி நேரம். கிழக்குக் கரையில் நின்று பார்த்தால் தூரத்தில் அலை உடையும் வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். சுமார் 300 கிலோமீட்டர் நீளமுள்ள பெலீஸ் பவளத்திட்டின் ஒரு துண்டு அது. 1996-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பெரிய அலையெல்லாம் அங்கேயே உடைந்துவிடுவதால் உள்பக்கக் கடல் பெரும்பாலும் அமைதியாக, ஆழம் குறைவாக இருக்கும். பழகுவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

1. படகைப் பேசி முடிப்பது

அரை நாள், முழு நாள் என்று இரண்டு வகை உண்டு. முழு நாளே எடுங்கள். முதல் இடத்தில் தடுமாறினாலும் அடுத்த இடத்தில் சரியாகிவிடும். கேட்க வேண்டியவை: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், அவர் கூடவே தண்ணீரில் இறங்குவாரா, லைஃப் ஜாக்கெட் தருவார்களா. அப்புறம், சொல்லும் விலை எந்த டாலரில் என்றும் கேளுங்கள். இரண்டு பெலீஸ் டாலர் ஒரு அமெரிக்க டாலருக்குச் சமம்.

2. முதல் நாள் மாலை: மாஸ்க்

இதைத் தவற விடாதீர்கள். பல இடங்களில் முதல் நாளே மாஸ்க்கை எடுத்துப் போக விடுவார்கள். பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்த பிறகும் முகத்தில் ஒட்டி நின்றால் அது உங்கள் மாஸ்க். விழுந்தால் வேறு கேளுங்கள். பட்டையை இறுக்கி ஒழுகலை நிறுத்தப் பார்ப்பது வீண், தலைவலிதான் மிச்சம். நெற்றியில் ஒரு முடி சிக்கினாலும் தண்ணீர் வரும். மீசைக்காரர்களுக்கு இன்னும் கஷ்டம். மூக்கை ஒட்டி ஒரு கோடு மழித்துவிட்டால் பெரிதும் குறையும். நான் மழித்தேன். வீட்டில் இரண்டு நாள் சிரித்தார்கள், அவ்வளவுதான்.

கண்ணாடியின் உள்பக்கம் எச்சில் தொட்டுத் தேய்த்து, ஒரு தடவை அலசுங்கள், பனி படியாது. அருவருப்பாக இருந்தால் ஒரு சொட்டு பேபி ஷாம்பூ போதும்.

இனி கரையோரம், படகு வராத இடத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று முகத்தை மட்டும் கவிழ்த்துங்கள். பல்லால் குழாயைக் கடிக்காமல் உதட்டால் மூடிப் பிடியுங்கள். மூச்சு நீளமாக, மெதுவாக. அவசர மூச்சு விட்டால் குழாயில் தங்கிய பழைய காற்றையே திரும்ப இழுப்பீர்கள், படபடப்பு கூடும். குழாயில் தண்ணீர் புகுந்தால் ‘தூ’ என்று ஒரே ஊதாக ஊதுங்கள். இது கைவரும் வரை பத்து தடவை செய்து பாருங்கள்.

3. காலையில்

ஃப்ரை ஜாக் சுடச்சுடக் கிடைக்கும், நம் பூரிக்குத் தடித்த அண்ணன். இரண்டோடு நிறுத்துங்கள். படகில் குமட்டும் உடம்பென்றால் ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை, படகின் பின்பக்கத்தில் இடம். உடம்பெல்லாம் வெயில் கிரீம் பூசுவதைவிட முழுக்கை நீச்சல் சட்டை மேல். பவளத்துக்கும் கெடுதல் இல்லை.

4. ஹோல் சான்

மாயா மொழியில் சிறிய கால்வாய் என்று பொருள். பவளத்திட்டில் உள்ள ஓர் இடைவெளி இது. ஆழம் சுமார் 9 மீட்டர். 1987 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. மீன்பிடிக்கத் தடை இருப்பதால் மீன்கள் பெரிதாக, ஆளைக் கண்டு ஓடாமல் திரியும். கடலேற்றமும் வற்றமும் இந்த வழியாகத்தான் போகும், ஆகவே இழுப்பு உண்டு. வழிகாட்டி போகும் பக்கமே போங்கள். கால் உதைப்பு இடுப்பிலிருந்து, மெதுவாக. மூச்சு வாங்கினால் லைஃப் ஜாக்கெட்டை நம்பி மல்லாந்து கிடங்கள். உள்ளங்கையைத் தலையில் வைத்தால் ‘நலம்’. கையை ஆட்டினால் ‘உதவி’. ஆகவே படகில் இருக்கும் மனைவிக்கு டாட்டா காட்டாதீர்கள்.

அசையாமல் மிதந்தால் ‘கடக் கடக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், யாரோ முறுக்குக் கடிப்பது போல. கிளிமீன் பவளத்தைக் கொறிக்கிறது. சற்று நேரத்தில் அதன் பின்னாலிருந்து வெள்ளையாக ஒரு புகை இறங்கும். அது மணல். கரையில் நாம் மிதிக்கும் வெள்ளை மணலில் இதுவும் சேர்த்தி.

பவளத்தின் மேல் நிற்கவே கூடாது. அது உயிர். அதோடு, தீப்பவளம் பட்டால் தோல் எரியும்.

5. ஷார்க் ரே ஆலி

மீனவர்கள் மீனைச் சுத்தம் செய்து குடலை வீசிய இடம். அந்தப் பழக்கத்தில் படகுச் சத்தம் கேட்டாலே நர்ஸ் சுறாக்களும் திருக்கைகளும் கூடிவிடும். ஆளை வேட்டையாடும் இனம் இல்லை என்றாலும், கையை நீட்டினால் சுறா கவ்விக்கொள்ளும், எளிதில் விடாது. தொடச் சொல்லும் வழிகாட்டிகளும் உண்டு. புன்னகைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். படகிலிருந்து குதிக்காமல் ஏணி வழியே இறங்குங்கள், கீழே என்ன படுத்திருக்கிறதோ.

சில படகுகள் வழியில் மனாட்டிகளைத் தேடி நிறுத்தும். நம் பாக் நீரிணை ஆவுளியாவின், அதாவது கடற்பசுவின், சொந்தம் அது. அங்கே தண்ணீரில் இறங்க வேண்டாம், படகிலிருந்து பார்த்தால் போதும்.

திரும்பும்போது குளிர்ந்த ரம் பஞ்ச் தருவார்கள். தண்ணீர் ஒரு லிட்டராவது குடித்த பிறகு அதைத் தொடுங்கள். அன்றிரவு நாற்காலியில் உட்கார முடியாமல் எரிகிறதா? முழங்காலின் பின்பக்கம் கிரீம் பூச மறந்திருப்பீர்கள். நானும் மறந்தேன்.