மின்னெடோங்காவில் கிராப்பியும் புளூகில்லும்: எங்கே தவறுகிறோம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மின்னியாபொலிஸுக்கு மேற்கே கிடக்கும் மின்னெடோங்கா ஏறத்தாழ 14,500 ஏக்கர் ஏரி. பல குடாக்களைக் குறுகிய கால்வாய்கள் கோத்து வைத்திருக்கின்றன. கிரிஸ்டல் குடாவில் ஆழம் 113 அடி வரை போகிறது. மேற்குக் கோடியிலுள்ள ஹால்ஸ்டட் குடா கோடையில் பச்சையாகக் கலங்கிவிடும். கிழக்கே வேசட்டா குடாவில் தண்ணீர் தெளிந்திருக்கும். கிராப்பி, புளூகில், பம்கின்சீட் என்று வாணலியில் முழுசாக அடங்கும் மீன்களைத் தேடி இங்கே வந்து வெறுங்கையோடு திரும்புபவர்கள், பெரும்பாலும் இரையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருப்பார்கள். முதலில் மாற்ற வேண்டியது ஆழத்தை.

ஒரு கிராப்பியைக் கையில் எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். பெரிய கண், தலையின் மேற்பாதியில் இருக்கும். கீழ்த்தாடை முன்னே நீண்டு, வாய் மேலே பார்த்துத் திறக்கும். தலைக்கு மேலே வரும் இரையை அது எழும்பி எடுக்கும். காலடியில் கிடப்பதை அநேகமாகக் கண்டுகொள்ளாது. கூட்டம் 12 அடியில் நின்றால் இரை 10 அல்லது 11 அடியில் தொங்க வேண்டும். கெளுத்திக்கும் விராலுக்கும் பழகிய கை, ஈயம் தரையைத் தட்டும் வரை நரம்பை விட்டுவிடும். அப்படி விட்டால் இரை மீனுக்குக் கீழே போய்ச் சேரும், நாள் முழுவதும் ஒரு கடியும் இருக்காது.

எழும்பி எடுப்பதால் இன்னொன்றும் நடக்கிறது. தக்கை முழுகாது. மீன் இரையை வாயில் வைத்து மேலே வரும்போது ஈயத்தின் பாரம் தக்கையிலிருந்து நீங்கிவிடும். நிமிர்ந்து நின்ற தக்கை மெதுவாகச் சாய்ந்து தண்ணீர்மேல் படுத்துக்கொள்ளும். அதுதான் கடி. முழுகட்டும் என்று காத்திருந்தால் மீன் துப்பிவிட்டுப் போயிருக்கும். தக்கை படுத்தவுடன் தொய்வைச் சுற்றி எடுத்துக் கோலை நிதானமாக உயர்த்தினால் போதும். வெடுக்கென்று சுண்டக் கூடாது. வாயோரச் சவ்வு காகிதம் போல மெல்லியது, முள் அதைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். படகு ஓரம் வரை வந்த கிராப்பியை நரம்பைப் பிடித்துத் தூக்காமல் கைவலையில் எடுப்பதும் இதனால்தான்.

கனமான கருவி அடுத்த தவறு. 10 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பும் எலுமிச்சை அளவு உருண்டைத் தக்கையும் இந்த மீன்களுக்கு ஆகாது. 4 பவுண்டு நரம்பு, 1/32 அல்லது 1/16 அவுன்ஸ் ஜிக் (உலோகத் தலை வைத்த முள்), பென்சில் போல ஒல்லியான தக்கை, வளையும் நுனியுள்ள 7 அடிக் கோல் போதும். 5 அடிக்கு மேல் ஆழம் வேண்டுமானால் நரம்பில் நகரும் தக்கையும் அதைத் தடுக்கும் சிறு நூல்முடிச்சும் வேண்டும். நிலைத்த தக்கையோடு அவ்வளவு நீள நரம்பைத் தொங்கவிட்டு வீச முடியாது. கிராப்பிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குல உயிர்க்குஞ்சு சரி. புளூகில்லின் வாய் சிறியது. அதற்கு 8 அல்லது 10-ஆம் எண் முள்ளும் ஓர் அங்குலத்துக்கு மேற்படாத மண்புழுத் துண்டும் போதும். முழுப் புழுவைக் கோத்தால் வாலைக் கொறித்துத் தின்றுவிட்டு முள்ளை அப்படியே விட்டுவைக்கும்.

முடிச்சையும் பாருங்கள். ஜிக் தண்ணீரில் கிடைமட்டமாக, நீந்தும் குஞ்சைப் போலத் தொங்க வேண்டும். ஒரு மீனைப் பிடித்து முடித்ததும் முடிச்சு ஜிக்கின் வளையத்தில் முன்பக்கம் நகர்ந்துவிடும், ஜிக் செங்குத்தாகத் தொங்கத் தொடங்கும். தெளிந்த தண்ணீரில் கிராப்பி அருகில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதற்கு இது ஒன்றே போதும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் நகத்தால் முடிச்சைத் தள்ளிச் சரிசெய்ய இரண்டு விநாடி ஆகும்.

வசந்தம்

பெரும்பாலான ஆண்டுகளில் ஏப்ரல் நடுவில் பனிக்கட்டி உடைகிறது. அப்போது விடியலில் ஓடிப்போய்ப் பெரிய குடாவின் நடுவில் நிற்பது வீண். மீன் தேடுவது சூட்டை. கறுப்புச் சேற்றுத் தரையுள்ள ஆழமற்ற சிறு குடாக்கள், வடக்குக் கரையோரம், படகுக் கால்வாய்கள் ஆகியவை முதலில் சூடாகும். நல்ல வெயிலடித்த நாளில் பிற்பகல் 2 மணிக்கு மேல்தான் அங்கே கடி தொடங்கும். குளிர்காற்று திரும்பிய மறுநாளே அதே இடம் காலியாகக் கிடக்கும். மீன் ஏரியை விட்டுப் போகவில்லை. பக்கத்திலேயே இருக்கும் 8, 10 அடி ஆழத்துக்கு இறங்கி நிற்கிறது. அங்கே இரையை அசைக்காமல் தொங்கவிட்டுப் பாருங்கள்.

நாட்காட்டியைப் பார்த்து முட்டையிடும் காலத்தைக் கணிப்பவர்களும் ஏமாறுவார்கள். ஒரு சாதாரண வெப்பமானி இதைவிட நம்பகமானது. தண்ணீர் 16 முதல் 20 டிகிரி செல்சியஸுக்கு வரும்போது கிராப்பி கோரைத் தண்டுகளை ஒட்டி முட்டையிடும். ஆண் மீன் கறுத்துப்போயிருக்கும். புளூகில் இன்னும் சூடு ஏறிய பிறகு, 20 டிகிரியைத் தாண்டித் தொடங்கும். நம் குளங்களில் ஜிலேபி தோண்டும் குழியைப் பார்த்தவர்களுக்கு இதன் கூடு புதிதல்ல. தட்டு போன்ற வெளிறிய குழிகள் பத்தும் இருபதுமாக நெருங்கிக் கிடக்கும்.

இந்தக் குழிகளில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. குழியின் மேல் நின்று வாலால் விசிறி முட்டையைக் காப்பது பெரிய ஆண் மீன். நெஞ்சு செம்பு நிறத்தில் மின்னும், நெற்றி புடைத்திருக்கும், எந்த இரையைப் போட்டாலும் சீறி வந்து கடிக்கும். பிடிப்பது எளிது என்பதால் வாளி நிறைய அள்ளுகிறார்கள். காவல் போன குழியை நிமிடங்களில் மற்ற மீன்கள் சூறையாடிவிடும். அதைவிட மோசமான விளைவு பிறகு வரும். பெரிய ஆண்கள் இருக்கும்வரை இளம் ஆண்கள் போட்டியிட முடியாமல் வளர்வதிலேயே சத்தைச் செலவிடும். பெரியவை போய்விட்டால் அவை சிறு வயதிலேயே முதிர்ந்து இனப்பெருக்கத்தில் இறங்கும், வளர்ச்சி குன்றும். சில ஆண்டுகளில் உள்ளங்கை அளவைத் தாண்டாத மீன்களே மிஞ்சும். மினசோட்டாவின் பொது வரம்பு ஒருவருக்குச் சூரிய மீன் வகை (புளூகில், பம்கின்சீட் போன்றவை) 20, கிராப்பி 10. சில ஏரிகளில் சூரிய மீனுக்கு 5 அல்லது 10 மட்டுமே. வரம்பு என்பது அத்தனையையும் எடுத்தாக வேண்டும் என்ற கட்டளை ஆகாது. வறுக்க 6, 7 அங்குலம் தாராளம். 8 அங்குலத்துக்கு மேற்பட்ட ஆண் மீனைக் குழிக்கே திருப்பி விடுங்கள்.

கோடை

இந்த ஏரியில் 1987-இல் யூரேசிய மில்ஃபாயில் என்ற நீர்ப்பூண்டும், 2010-இல் ஜீப்ரா மட்டியும் கண்டறியப்பட்டன. மட்டி தண்ணீரை வடிகட்டுவதால் வெளிச்சம் ஆழமாக இறங்குகிறது. பெரிய கண்ணுள்ள கிராப்பி மங்கிய ஒளியில் வேட்டையாடும் மீன். ஜூலை நண்பகலில் தெளிந்த குடாவில் அதைத் தேட வேண்டாம். பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து, பூண்டு முடியும் வெளி விளிம்பில், 12 முதல் 18 அடிக்குள் தேடுங்கள்.

ஆழம் கூடினால் குளிர்ச்சி, குளிர்ச்சியில் மீன் என்ற கணக்கு கோடையில் பலிக்காது. மேலே சூடான நீர் மிதக்க, கீழே குளிர்ந்த நீர் காற்றுபடாமல் அடைபட்டு ஆக்ஸிஜனை இழந்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட அடுக்கு, ஒலியலையால் தண்ணீருக்கடியைக் காட்டும் சோனாரில் மங்கலான பட்டையாகத் தெரியும். அதற்குக் கீழே இறக்கிய இரைக்குக் கடி கிடைக்காது.

பிடித்த மீனைக் கயிற்றில் கோத்து வெதுவெதுப்பான மேல்தண்ணீரில் மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு திரிந்தால் சதை குழைந்துவிடும். உடனே ஐஸ் பெட்டியில் போடுங்கள்.

இலையுதிர் காலம்

மேல் நீர் குளிர்ந்து அடுக்குகள் கலக்கும் சில நாட்கள் கடி அநேகமாக நின்றுபோகும்; பொறுத்திருக்கத்தான் வேண்டும். பிறகு அழுகிப் பழுத்த பூண்டை விட்டு, இன்னும் பச்சையாக நிற்கும் பூண்டைத் தேடுங்கள். அக்டோபர் கடைசியில் கிராப்பிக் கூட்டம் 25 முதல் 35 அடிப் பள்ளங்களுக்கு நகரும்.

அங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை உண்டு. 30 அடியிலிருந்து தூக்கப்பட்ட மீனின் காற்றுப்பை ஊதி, கண் பிதுங்கி, இரைப்பை வாய்க்கு வந்துவிடும். அதைத் தண்ணீரில் விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. ஆழத்தில் பிடித்துச் சின்னதைத் திருப்பி விட்டுப் பெரியதைப் பொறுக்குவது கொலைதான். வந்த அளவில் வேண்டியதை எடுத்துக்கொண்டு தூண்டிலைச் சுற்றிவிடுங்கள்; இல்லை, ஆழமற்ற இடத்துக்குப் போய்விடுங்கள்.

பனிக்காலம்

பனிக்கட்டியில் துளையிட்டுப் பிடிக்கும்போது 2 அல்லது 3 பவுண்டு நரம்பும் சிறு டங்ஸ்டன் ஜிக்கும் வேண்டும்; அந்த உலோகம் ஈயத்தைவிடக் கனம் என்பதால் சிறிய உருவிலேயே சீக்கிரம் இறங்கும். உறைந்ததும் 6 முதல் 10 அடியிலுள்ள பச்சைப் பூண்டுக்குள் பாருங்கள். நடு மாதங்களில் பள்ளத்துக்கு மேலே, தரையிலிருந்து 5, 10 அடி உயரத்தில் கூட்டம் மிதக்கும். ஒரே துளையில் உட்கார்ந்தே பொழுதைக் கழிப்பவருக்கு அது அகப்படாது. பத்துத் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் சோனாரை இறக்கி, ஐந்து நிமிடத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் அடுத்ததற்கு நகர வேண்டும். திறந்த நீரில் ஒருவருக்கு ஒரு தூண்டில்தான் அனுமதி, பனிக்கட்டியில் இரண்டு.

நடப்பதற்குக் குறைந்தது 4 அங்குலத் தெளிந்த கட்டி வேண்டும். வெள்ளைக் கட்டி என்றால் அதைப் போல் இரு மடங்கு. ஒரு குடாவில் 10 அங்குலம் அளந்துவிட்டு, அதே நம்பிக்கையில் பாலத்தடிக் கால்வாய் வழியாக அடுத்த குடாவுக்கு நடக்காதீர்கள். கால்வாயில் நீரோட்டம் அடியிலிருந்து கட்டியை அரித்துக்கொண்டே இருக்கும், மேலே பனித்தூள் மூடியிருப்பதால் வெளியே தெரியாது. கரையேறி, சாலை வழியாகப் போய், அங்கே மறுபடி துளையிட்டு அளந்து பாருங்கள்.